கூட்டுறவு பேங்கோட பொறுப்பு எங்க இருக்கு, மரக்கன்னு போட்டோலயா லோன் லிஸ்ட்லயா?

நான் மெம்பரா இருக்கற ஒரு கூட்டுறவு பேங்கோட பேரவைக் கூட்டத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி போயிருந்தேன். வழக்கம்போல ஆண்டறிக்கை புக் ஒண்ணைக் கைல குடுத்தாங்க, அதுல கடைசி அட்டைக்கு முந்தின பக்கம் முழுக்க பச்சைக் கலர்ல "சமூக மற்றும் சுற்றுச்சூழல் பொறுப்பு"னு தலைப்பு போட்டு நாலு போட்டோ. ஒண்ணுல இயக்குநர்கள் எல்லாம் வரிசையா நின்னு ஒரே ஒரு மரக்கன்னைப் பிடிச்சிருக்காங்க, ஆறு பேரோட கை அந்தக் குச்சி மேல. இன்னொண்ணு ரத்த தான முகாம். இன்னொண்ணு மொட்டை மாடியில சோலார் பேனல். நாலாவது என்னனு எனக்கு இன்னிவரைக்கும் புரியல.

எனக்கு ரெண்டு சீட் தள்ளி உக்காந்திருந்த ஒரு வயசான அம்மா மைக்கை வாங்கி, "மரக்கன்னு நல்லா இருக்குங்க. நாங்க போட்டு வச்ச பணத்தை யார் யாருக்கு கடன் குடுத்திருக்கீங்கனு இந்த புக்ல எந்தப் பக்கத்துல இருக்கு?"னு கேட்டாங்க. மேடையில இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் அடுத்த தீர்மானத்துக்குப் போயிட்டாங்க.

அந்தம்மா கேட்டதைத்தான் இங்க கொஞ்சம் நிதானமா பாக்கப் போறோம். பேங்க் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னாலும் பரவால்ல, அடியில இருந்தே வர்றேன்.

நம்ம போடற டெபாசிட் லாக்கர்ல கட்டுக் கட்டா தூங்கிட்டு இருக்கறதில்லங்கறது எல்லாருக்கும் தெரியும், அதுல ஒரு பகுதியை சட்டப்படி கையிருப்பா வச்சுக்கிட்டு மிச்சத்தை கடனா விட்டுடுவாங்க. அந்தக் கடன்ல ஒருத்தர் வீடு கட்டுவார், ஒருத்தர் லாரி வாங்குவார், ஒரு கம்பெனி சாயப்பட்டறை போடும், இன்னொண்ணு மலையை வெட்டி ஜல்லி எடுக்கும். அந்தப் பட்டறைத் தண்ணி ஆத்துல கலந்தா, பேங்க் கட்டடத்துல ஒரு பல்பு கூட எக்ஸ்ட்ரா எரிஞ்சிருக்காது, ஆனா அந்தப் பட்டறை நின்னதே பேங்க் குடுத்த காசுலதான், பேங்க் குடுத்ததே நம்ம காசைத்தான். "ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே"னு சொல்வாங்கல்ல, பேங்க் தொழிலே கிட்டத்தட்ட அதுதான். நெய் யாரோடது, பரிமாறுறது யாரு, யார் எலையில எவ்வளவு விழுது? இதுக்கு மூணுக்கும் பதில் இருந்தாத்தான் பொறுப்புங்கற வார்த்தைக்கே அர்த்தம் வரும்.

அதனால ஒரு பேங்கோட சுற்றுச்சூழல் பாதிப்பை ரெண்டா பிரிச்சுப் பாக்கணும். ஒண்ணு அவங்க சொந்த வீட்டுக் கணக்கு, அதாவது கரண்ட் பில்லு, ஏசி, பேப்பர், ஆபீசருங்க போற கார். இன்னொண்ணு அவங்க குடுத்த கடனால வெளிய வர்ற புகை. ரெண்டாவதோட பக்கத்துல முதலாவது கொசு மாதிரி. கம்பெனிங்க கிட்ட கார்பன் கணக்கு வாங்கி வெளியிடற சிடிபிங்கற அமைப்பு, அவங்ககிட்ட கணக்கு குடுத்த நிதி நிறுவனங்களை வச்சுப் பாத்தப்போ, கடனும் முதலீடும் வழியா வர்ற உமிழ்வு சொந்த உமிழ்வை விட சராசரியா 700 மடங்குக்கு மேலனு வந்துச்சு. 700 மடங்கு! இதைத் தெரிஞ்சுக்கிட்டு திரும்ப அந்த மொட்டை மாடி சோலார் போட்டோவைப் பாத்தா சிரிப்புதான் வருது. சோலார் தப்புனு சொல்லல, நல்ல விஷயம்தான், ஆனா அதை மட்டும் காட்டிட்டு "நாங்க பசுமை பேங்க்"னு சொன்னா, வாசல்ல தண்ணி தெளிச்சுக் கோலம் போட்டுட்டு கொல்லைப்பக்கத்தை யாரும் பாக்காம பூட்டி வைக்கறது மாதிரி.

சரி, இது எல்லா பேங்குக்கும் பொருந்துமே, கூட்டுறவு பேங்குக்கு மட்டும் என்ன தனியானு கேக்கலாம். இருக்கு, ஓட்டு. சாதாரண பேங்க்ல யார்கிட்ட ஷேர் ஜாஸ்தியோ அவங்க கை ஓங்கும், லட்சம் ஷேர் வச்சிருந்தா லட்சம் ஓட்டு. கூட்டுறவுல ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, அவ்ளோதான், பத்து ஷேர் வச்சவரும் பத்தாயிரம் ஷேர் வச்சவரும் ஒண்ணு. ஷேர் மார்க்கெட்ல விலை ஏறணும்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை யாரையும் குஷிப்படுத்த வேண்டிய அவசியமும் பொதுவா கிடையாது, வர்ற லாபத்துல ஒரு பங்கு யாரும் பிரிச்சுக்க முடியாத ரிசர்வ்ல போய் உக்காந்துக்கும். காகிதத்துல பாத்தா, பொறுப்பா நடந்துக்க இதை விட வசதியான அமைப்பு கிடையாது. நடைமுறையில எப்படிங்கறதுக்கு அப்புறம் வர்றேன், அது வேற கதை.

இந்த அமைப்பு எங்க இருந்து வந்துச்சுனு கொஞ்சம் பாத்துடலாம், ஏன்னா இங்கதான் மரக்கன்னு போட்டோவுக்கே பதில் இருக்கு. கூட்டுறவுன்னாலே எல்லாரும் 1844ல இங்கிலாந்து ராச்டேல்ல நெசவாளிகள் சேர்ந்து தொடங்கின கடையைத்தான் சொல்வாங்க, ஆனா பேங்க் வழி ஜெர்மனியில இருந்து வந்தது. ஒரு பக்கம் ஷூல்ட்ஸ டெலிட்ஷ், 1850ல தன்னோட ஊர்ல கைத்தொழில்காரங்களுக்கு முன்பணம் குடுக்கற சங்கம் ஆரம்பிச்சார். இன்னொரு பக்கம் ரைஃபைசன். இந்த ரைஃபைசன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் ஒரு கிராமப்புறப் பகுதியில மேயர். 1846-47 குளிர்காலத்துல பஞ்சம் வந்தப்போ வசதியானவங்க கிட்ட காசு வாங்கி மாவு வாங்கி, ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கிடைக்க வச்சார். அதுக்கப்புறமும் பணக்காரங்க புண்ணியத்துல ஓடற உதவிச் சங்கங்களைத்தான் நடத்தினார். கொஞ்ச வருஷத்துல அவருக்கே ஒண்ணு புரிஞ்சுது, தர்ம மனசு முதல் வருஷம் நல்லா இருக்கும், அப்புறம் ஆறிடும், குடுக்கறவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்குவாங்க, வாங்கறவன் வாங்கறவனாவே இருப்பான். 1860கள்ல வழியை மாத்தினார். கடன் வாங்கப் போறவங்களே மெம்பர், மெம்பருங்க எல்லாரும் சேர்ந்து பொறுப்பு, ஒருத்தன் கட்டலேன்னா எல்லாரோட சொத்தும் ஜாமீன். 1864ல ஹெடெஸ்டார்ஃப்ல அவர் வச்ச கடன் சங்கம்தான் இன்னிக்கு உலகம் பூரா இருக்கற கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு ஒரு முன்மாதிரி.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அவர் தர்மத்துல ஆரம்பிச்சு கடனுக்கு வந்தவர். இன்னிக்கு பல பேங்க் "சமூகப் பொறுப்பு"ங்கற பேர்ல திரும்பக் கடன்ல இருந்து தர்மத்துக்குப் போயிட்டு இருக்கு. லாபத்துல கொஞ்சம் எடுத்து ஸ்கூலுக்கு பெஞ்ச் வாங்கிக் குடுக்கறது, முகாம் நடத்தறது. பெஞ்ச் தேவைதான், வேண்டாம்னு யார் சொன்னா? ஆனா பேங்கோட வேலை கடன் குடுக்கறது, அதுல நியாயமா நடந்துக்கறதுதான் அதோட முதல் சமூக சேவை.

அப்புறம் 1995ல, சர்வதேச கூட்டுறவுக் கூட்டணி மான்செஸ்டர்ல கூடி கூட்டுறவுக் கொள்கைகளைத் திருத்தி ஏழுனு ஆக்கினாங்க. அந்த ஏழாவது புதுசா சேத்தது, "சமுதாயத்தின் மேல அக்கறை". மெம்பருங்க ஒத்துக்கிட்ட கொள்கைகள் வழியா தங்களைச் சுத்தி இருக்கற சமுதாயம் நீடிச்சு நல்லா இருக்க உழைக்கணும்ங்கறது சாரம். "மெம்பருங்க ஒத்துக்கிட்ட"ங்கறதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

இப்ப "நிலைப்பாடு"ங்கற பேர்ல ஒரு பேங்க் வெளியிடற பேப்பர்ல பொதுவா என்ன இருக்கும்னு பாப்போம். முக்கியமானது எதுக்கெல்லாம் கடன் குடுக்க மாட்டோம்ங்கற லிஸ்ட், இதை விலக்குப் பட்டியல்னு சொல்லலாம். அடுத்து எதுக்கெல்லாம் முந்திக் குடுப்போம், வட்டி குறைச்சுக் குடுப்போம்ங்கறது. அப்புறம் ஊழியர்கள், கடன் வாங்கினவங்க, பக்கத்து ஊர்க்காரங்க இவங்களை எப்படி நடத்துவோம்ங்கறது. கடைசியா சொந்த வீட்டுக் கணக்கு, பேப்பர், கரண்டு. பேப்பர்ல இந்த வரிசையைத் தலைகீழா போட்டிருப்பாங்க, கரண்டு மிச்சம் பண்ணினது முதல் பக்கத்துலயும் விலக்குப் பட்டியல் பின்னிணைப்புலயும் இருக்கும், சில பேப்பர்ல அதுகூட இருக்காது. நான் எப்பவும் பின்னாடி இருந்து படிக்க ஆரம்பிப்பேன்.

விலக்குப் பட்டியலுக்குப் பேர் போன உதாரணம் பிரிட்டன்ல இருக்கற கோ-ஆபரேட்டிவ் பேங்க். 1872ல கூட்டுறவு மொத்த வியாபார சங்கத்துக்குள்ள ஒரு டிபார்ட்மெண்ட்டா பிறந்தது. 1992ல அவங்க வாடிக்கையாளர்கள் கிட்டயே "உங்க பணத்தை எதுக்கெல்லாம் விடக்கூடாதுனு நெனக்கறீங்க"னு கேட்டு, வந்த பதிலை வச்சு ஒரு நெறிக் கொள்கை எழுதினாங்க. மக்களை ஒடுக்கற ஆட்சிகளுக்கு ஆயுதம் விக்கறவங்களுக்குக் கிடையாது, சிகரெட் தயாரிக்கறவங்களுக்குக் கிடையாது, அழகு சாதனத்துக்காக மிருகங்கள் மேல சோதனை பண்றவங்களுக்குக் கிடையாது, இந்த மாதிரி. அப்ப மத்த பேங்க்காரங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாத்தான் தெரிஞ்சிருக்கும், வர்ற வாடிக்கையாளரை யாராவது வாசல்லயே திருப்பி அனுப்புவாங்களா? ஆனா அதுக்காகவே கணக்கு மாத்தி வந்தவங்க நெறைய பேர். அப்பப்ப திரும்பக் கேட்டு, லிஸ்ட்டைப் புதுப்பிச்சுட்டும் வந்தாங்க. மேல இருந்து ஒரு கமிட்டி எழுதினதுக்கும் பணம் போட்டவங்க கிட்ட கேட்டு எழுதினதுக்கும் இருக்கற வித்தியாசம் அது.

இந்த மாதிரி பேப்பரைப் படிக்கறப்ப வார்த்தையைக் கிட்டத்துல வச்சுப் பாக்கணும். ஒரு வரி எடுத்துக்குவோம், நான் கற்பனையா எழுதறேன், ஆனா நீங்க எங்கயும் பாக்கக்கூடிய வரிதான்: "சுற்றுச்சூழலுக்குக் கணிசமான தீங்கு விளைவிக்கும் புதிய திட்டங்களுக்கு நேரடியாகக் கடன் வழங்குவதை இயன்றவரை தவிர்ப்போம்." கேக்க நல்லாத்தான் இருக்கு. இப்ப ஒவ்வொரு வார்த்தையா தட்டிப் பாருங்க. "கணிசமான", யார் அளந்து சொல்றது, எவ்வளவுக்கு மேல கணிசம்? "புதிய", அப்போ ஏற்கனவே ஓடற பழைய ஆலையை ரெண்டு மடங்கா பெருசாக்கக் கடன் கேட்டா அது புதுசா பழசா? "திட்டங்களுக்கு", அந்தக் கம்பெனி திட்டத்தோட பேர் சொல்லாம பொதுவா நடைமுறை மூலதனம்னு, அதாவது அன்றாடம் தொழில் ஓட்டற செலவுக்குனு கேட்டா குடுப்பீங்களா? "நேரடியாக", அவங்களுக்குக் கடன் குடுக்கற இன்னொரு நிதிக் கம்பெனிக்கு நீங்க குடுத்தா? "இயன்றவரை", சரி விடுங்க. பதினோரு வார்த்தையில அஞ்சு ஓட்டை, ஒரு யானையே உள்ள வந்துட்டுப் போகலாம். இதுக்கு மாறா, "நிலக்கரிச் சுரங்கத்துல இருந்து வருமானம் வர்ற எந்தக் கம்பெனிக்கும் எந்த வகையிலயும் கடன் இல்லை"னு ஒரு வரி இருந்தா, அதை எழுதினவங்க மாட்டிக்கத் தயாரா இருக்காங்கனு அர்த்தம். நல்ல நிலைப்பாடுங்கறது எழுதினவங்களையே கட்டிப்போடணும்.

சரி, கடன்ல இருந்து வர்ற புகையை எப்படிக் கணக்குப் போடறது? இதுக்கு 2015ல நெதர்லாந்துல 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து ஒரு முயற்சி ஆரம்பிச்சாங்க, பிகாஃப்னு சுருக்கமா சொல்வாங்க, 2020ல உலகத்துக்கே பொதுவான ஒரு கணக்கு முறையா வெளியிட்டாங்க. உள்ள இருக்கற யோசனை ரொம்ப சிம்பிள், பாகப்பிரிவினை மாதிரி. ஒரு கம்பெனியில சொந்த முதலும் கடனும் சேத்து மொத்தம் 100 கோடி போயிருக்குனு வச்சுக்கோங்க, அதுல நம்ம பேங்க் கடன் 10 கோடி. அந்தக் கம்பெனி ஒரு வருஷத்துல 50,000 டன் கார்பன் டை ஆக்சைடு விடுது. பத்துல ஒரு பங்கு காசு நம்மளது, அப்போ பத்துல ஒரு பங்கு புகையும் நம்மளது, 5,000 டன். ஒரே ஒரு லோன்ல. இப்ப அந்த பேங்கோட எல்லா கிளையும் சேத்து கரண்ட்டால வர்றது 300 டன்னு வச்சா, மொட்டை மாடியில பேனல் போட்டு அதை மொத்தமா பூஜ்யம் ஆக்கினாலும் அந்த ஒரு லோனுக்குக் கால்தூசி. வீட்டுக் கடனுக்கும் வண்டிக் கடனுக்கும் இதே மாதிரிதான், வீட்டோட மதிப்புல பாக்கிக் கடன் எவ்வளவு பங்கோ அந்த வீடு இழுக்கற எனர்ஜியோட புகையில அவ்வளவு பங்கு.

சின்ன கூட்டுறவு பேங்க்ல உக்காந்து இதைப் போட முடியுமானு கேட்டா, முடியும், ஆனா டேட்டா ஓட்டையாத்தான் இருக்கும். கடன் வாங்கின சின்னப் பட்டறைக்காரர் கிட்ட போய் உங்க உமிழ்வு எத்தனை டன்னு கேட்டா அவர் நம்மளை ஒரு மாதிரி பாப்பார். அதுக்கும் அந்த முறையில வழி இருக்கு, டேட்டா எவ்வளவு நம்பகம்னு 1ல இருந்து 5 வரைக்கும் மார்க் போடறாங்க, 1 நல்லது, 5 வெறும் தொழில் சராசரியை வச்சு தோராயமா அடிச்சது. எனக்கு இதுல பிடிச்சதே இதான், "எங்க கணக்கு அஞ்சாம் தரம்தான்"னு வெளிப்படையா ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கலாம். அஞ்சாம் தரக் கணக்கு போட்டாலே எந்த ரெண்டு மூணு துறையில புகை குவிஞ்சிருக்குனு தெரிஞ்சிடும், முடிவு எடுக்க அது போதும்.

இங்க ஒரு நெருடலான இடம் வருது, இதைத் தாண்டிட்டுப் போக எனக்கு மனசு வரல. பெரிய நிலக்கரிக் கம்பெனியை வேண்டாம்னு சொல்றது ஈஸி, பெரும்பாலான கூட்டுறவு பேங்க் கிட்ட அவன் வரவே போறதில்ல. வர்றது யாருன்னா, பழைய டீசல் வண்டியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஓட்டிப் பொழைக்கலாம்னு நெனக்கற ஒரு மெம்பர். சுற்றுச்சூழல் கணக்குல பாத்தா அந்த லோன் மோசம், புகை கக்கற வண்டி. சமூகக் கணக்குல பாத்தா அந்த லோன்தான் அந்தக் குடும்பத்துக்கு சோறு, பேங்க் முடியாதுன்னா அவர் நேரா கந்துவட்டிக்காரன் கிட்ட போவார். ரைஃபைசன் அந்த சங்கத்தை ஆரம்பிச்சதே கந்துவட்டிக்காரன் கிட்ட இருந்து மீக்கத்தானே. அப்போ எது பொறுப்பு? "சமூக மற்றும் சுற்றுச்சூழல்"னு ஒரே மூச்சுல சொல்லிடறோம், ஆனா அந்த "மற்றும்"ங்கற வார்த்தைக்குள்ள ரெண்டும் அடிச்சுக்குது. என் அபிப்பிராயம், மறுக்கறதை விட விலையில வித்தியாசம் காட்டறது மேல், அதாவது பழைய வண்டிக்கு சாதாரண வட்டி, புகை குறைஞ்ச வண்டிக்கு வட்டி குறைவு தவணை நீளம், அந்த வித்தியாசத்துக்கு ஆகற செலவை ரிசர்வ்ல இருந்தோ லாபத்துல இருந்தோ எடுக்கறது, அதுக்கு மெம்பருங்க கிட்ட ஓட்டு வாங்கறது. டிவிடெண்ட் கொஞ்சம் குறையும். குறையும்னு முன்னாடியே சொல்லிட்டுக் கேக்கணும்.

சமூகப் பக்கத்துக்கு இன்னும் ஒரு உதாரணம். கனடாவுல வான்சிட்டினு ஒரு கடன் கூட்டுறவு, 1946ல வான்கூவர்ல ஆரம்பிச்சது. 1961ல, ஆம்பளை கையெழுத்து ஜாமீன் இல்லாம பொண்ணுங்களுக்கு வீட்டுக் கடன் குடுத்தாங்க, மத்த இடங்கள்ல புருஷனோ அப்பாவோ கூட வந்து கையெழுத்து போடணும்ங்கற காலம் அது. இதுக்கு முகாமும் இல்ல, போட்டோவும் இல்ல, லோன் அப்ளிகேஷன்ல ஒரு கட்டத்தை எடுத்துட்டாங்க, அவ்வளவுதான் விஷயம். ஒரு பேங்கோட சமூகப் பொறுப்பை நீங்க தெரிஞ்சுக்கணும்னா அதோட லோன் பாரத்தை வாங்கிப் படிங்க. என்னென்ன கேக்கறாங்க, யாரால அந்தக் கட்டங்களை ரொப்ப முடியாது, கட்ட முடியாம போனவங்களுக்கு முதல்ல போறது போன் காலா, ஆளா, நோட்டீஸா, லாபம் வரலேன்னு எந்தக் கிளையை மூடினாங்க, மூடின இடத்துல இருந்த வயசானவங்க இப்ப பணம் எடுக்க எங்க போறாங்க, இதெல்லாம்தான்.

வெளிப்படையா இருக்கறதுல ரெண்டு பேரைச் சொல்லியே ஆகணும். ஜெர்மனியில போஹும்ங்கற ஊர்ல 1974ல தொடங்கின ஜிஎல்எஸ் பேங்க், இத்தாலியில 1999ல பாதுவாவுல திறந்த பாங்கா எத்திகா, ரெண்டுமே கூட்டுறவு. எந்தெந்த நிறுவனங்களுக்குக் கடன் குடுத்திருக்கோம்ங்கறதை ரெண்டு பேருமே வெளியிடறாங்க. கடன் ரகசியம், சட்டச் சிக்கல்னு மத்தவங்க சொல்ற இடத்துல இவங்க என்ன பண்றாங்கன்னா, நிறுவனங்கள் கிட்ட முன்கூட்டியே சம்மதம் வாங்கிடறாங்க. தனி மனுஷங்க வாங்கற கடன் இதுல வராது, வரவும் கூடாது. பாங்கா எத்திகாவுல இன்னொண்ணும் இருக்கு, ஒரு நிறுவனம் கடன் கேட்டா பணத்தைத் திருப்பிக் கட்டுமாங்கற பரிசீலனையோட, சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் எப்படிங்கற தனிப் பரிசீலனையும் உண்டு, அதைச் செய்யறதுக்குப் பயிற்சி எடுத்துக்கிட்ட மெம்பருங்க இருக்காங்க. ஆறு இயக்குநர் ஒரு மரக்கன்னைப் பிடிக்கறதை விட ஒரு மெம்பர் ஒரு பட்டறையைப் போய் நேர்ல பாத்துட்டு வந்து எழுதற ரெண்டு பக்க ரிப்போர்ட் எனக்கு ஆயிரம் மடங்கு பெருசு.

இப்ப கசப்பான பகுதி. கூட்டுறவுனு பேர் இருந்தாலே நல்லவங்கனு ஆயிடாது. நெதர்லாந்தோட ராபோபேங்க் விவசாயிகள் சங்கங்கள்ல இருந்து வளந்த கூட்டுறவு பேங்க்தான், ஆனா லைபார்ங்கற வட்டி விகிதத்தைத் தில்லுமுல்லு பண்ணின விவகாரத்துல 2013ல 77 கோடியே 40 லட்சம் யூரோ கட்டி முடிச்சுக்கிட்டாங்க. பிரான்சோட கிரெடி அக்ரிகோல்லயும் பெரும்பான்மை கூட்டுறவு பேங்குங்க கைலதான் இருக்கு, எண்ணெய் கேஸ் கம்பெனிகளுக்குப் பணம் குடுக்கறதா சுற்றுச்சூழல் அமைப்புகள் அவங்களைத் தொடர்ந்து திட்டிட்டுத்தான் இருக்காங்க. பேங்க் பெருசாகப் பெருசாக மெம்பரோட ஓட்டு பல படி தாண்டி மேல போகுது, போற வழியில நீர்த்துடுது.

அந்த 1992 கொள்கைக்காக நான் புகழ்ந்த பிரிட்டிஷ் கோ-ஆபரேட்டிவ் பேங்குக்கு என்ன ஆச்சு தெரியுமா? 2009ல பிரிட்டானியாங்கற வீட்டுக் கடன் சங்கத்தோட இணைஞ்சாங்க. 2013ல பாத்தா மூலதனத்துல 150 கோடி பவுண்டு ஓட்டை. அதுல பெரும் பங்கு பிரிட்டானியா வழியா வந்த வணிகக் கட்டடக் கடன்கள், கூடவே பாதியில கைவிட்ட கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்குக் கொட்டின காசு. ஒடுக்கற ஆட்சிக்கு ஆயுதம் விக்கறவங்களுக்குக் கடன் இல்லைன்ன பேங்க், சாதாரண ஆபீஸ் கட்டடக் கடன்ல கவுந்துச்சு. ஓட்டையை அடைக்க வந்தவங்கள்ல முதலீட்டு ஃபண்டுகள் பெரும்பங்கை எடுத்துக்கிட்டாங்க, தாய் கூட்டுறவுக் குழுமத்தோட பங்கு 30 சதவீதம், அப்புறம் 20, 2017ல அதுவும் போச்சு. பேர்ல மட்டும் கோ-ஆபரேட்டிவ். நெறிக் கொள்கையைக் கைவிடாம இருக்க அதை கம்பெனியோட அமைப்பு விதிகள்லயே எழுதி வச்சாங்க, அதனால முதலாளி மாறினாலும் அந்த லிஸ்ட் நின்னுச்சு, அது ஒரு ஆச்சரியமான விஷயம்தான். 2025 ஜனவரியில கவன்ட்ரி பில்டிங் சொசைட்டி 78 கோடி பவுண்டுக்கு வாங்கிடுச்சு, அதுவும் மெம்பருங்களுக்குச் சொந்தமான சங்கம்தான், ஆக ஒரு சுத்து சுத்தி திரும்ப மெம்பருங்க கைக்கே வந்துடுச்சு.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்"னு சொல்றதை பேங்க் விஷயத்துல கருமித்தனமா எடுத்துக்கக் கூடாது. கடனை ஒழுங்கா பரிசீலிக்கறது, வராக்கடனை மறைக்காம காட்டறது, மூலதனம் போதுமானு பாக்கறது, தெரியாத தொழில்ல ஆசைப்பட்டு இறங்காம இருக்கறது, இதெல்லாம் சமூகப் பொறுப்புப் பக்கத்துல வரவே வராது, தணிக்கை அறிக்கையில சின்ன எழுத்துல வரும். ஆனா பேங்க் கவுந்தா முதல்ல அடி வாங்கறது சின்ன டெபாசிட்காரங்க. அதனால என்னைப் பொறுத்தவரை வராக்கடன் விவரமும் பொறுப்பு அறிக்கையோட ஒரு பக்கம்தான். ஐ.நா. ஆதரவுல 2019 செப்டம்பர்ல 130 பேங்க் கையெழுத்து போட்டுத் தொடங்கின பொறுப்பான வங்கிக் கொள்கைகள் மாதிரி சர்வதேச ஒப்பந்தங்கள்ல சேந்திருக்கோம்னு சில பேங்க் லோகோ போட்டுக்குவாங்க, அதுல சேர்றது நல்லதுதான், ஆனா லோகோ வந்ததுக்கப்புறம் எந்த ஒரு லோனை வேண்டாம்னு சொன்னீங்கனு கேட்டுப் பாருங்க.

மெம்பரா இருக்கறவங்க என்ன பண்ணலாம்னா, பெருசா ஒண்ணும் வேண்டாம், கூட்டத்துக்குப் போகணும், முன்கூட்டியே கேள்வியை எழுத்துல குடுக்கணும், ஏன்னா மைக்ல கேட்டா மேடையில ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறதோட முடிஞ்சிடும், எழுத்துல குடுத்து ரசீது வாங்கினா பதில் சொல்லியே ஆகணும்ங்கற ஒரு நெருக்கடி இருக்கும். யார் பேரும் கேக்க வேண்டாம், துறைவாரியா எவ்வளவு கடன்னு கேட்டா போதும், அதைக் குடுக்க எந்த ரகசியமும் தடையில்ல. கடன் கொள்கையில விலக்குப் பட்டியல் இருக்கா, இருந்தா கடைசியா எப்ப பேரவையில வச்சு ஓட்டு எடுத்தீங்கனு கேக்கலாம். கூட்டத்துல எத்தனை பேர் கைதூக்கறாங்கனு ஒரு தடவை எண்ணிப் பாருங்க, ஆயிரக்கணக்குல மெம்பர் இருக்கற பேங்க்ல ஒரு சின்ன ஹால் கூட ரொம்பாது, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுங்கறது ஓட்டு போட ஆள் வந்தாத்தானே.

நானும் அந்தம்மாவும் இன்னும் நாலு பேருமா சேர்ந்து போன வருஷம் அப்படித்தான் எழுதிக் குடுத்தோம். ஆண்டறிக்கையில பச்சைப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துல அரைப் பக்கத்துக்கு ஒரு அட்டவணை வந்துச்சு, வீடு, வண்டி, விவசாயம், சிறு தொழில்னு வரிசையா. எல்லாத்தையும் விடப் பெரிய தொகை "இதர"ங்கற தலைப்புல இருந்துச்சு. இந்த வருஷம் "இதர"ன்னா என்னென்னனு கேட்டு எழுதிக் குடுத்து ரசீது வாங்கி வச்சிருக்கோம்.